ஸ்கேன் அறையில் வரும் மயக்கம்: அச்சத்தின் வரலாறும் நம் ஈமானும்



திருப்பாலைவனம், பழவேற்காடு, அவற்றைச் சுற்றியுள்ள ஏரிக்கரைக் குப்பங்கள் ஆகிய ஊர்களில் வாழும் குடும்பங்களுக்கு ஸ்கேன் எடுப்பது ஒருநாள் பயணம். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் ஊரிலேயே மருந்து கிடைக்கும். சற்றுப் பெரிய சோதனை என்றால் பொன்னேரிக்கும், அங்கே இயலாதென்றால் சென்னைக்கும் போயாக வேண்டும். ஃபஜ்ரு தொழுகையை முடித்து, வெறும் வயிற்றோடு பேருந்தேறி, நெடுநேரம் காத்திருந்து, பெயர் அழைக்கப்பட்டதும் குளிர்ந்த அறைக்குள் தனியே செல்கிறோம். அதுவரை கூடவே வந்த கணவரோ மகளோ கதவுக்கு வெளியே நின்றுவிடுகின்றனர். அந்த நேரத்தில்தான் சிலருக்குக் கண் இருள்கிறது. சிலருக்கு மூச்சு முட்டுகிறது. சிலர் கருவிக்குள் நுழைந்த இரண்டாம் நிமிடமே கதறி வெளியே வந்துவிடுகின்றனர்.

இதைவிடக் கடினமானது ஊர் திரும்பிய பின் கேட்க நேரும் பேச்சு. "அல்லாஹ் மேல் நம்பிக்கை இருந்தால் இந்தப் பயம் வருமா?" என்பார் ஒருவர். கண்ணேறு என்பார் இன்னொருவர். ஜின்னின் வேலை என்று முடிவே கட்டிவிடுவோரும் உண்டு. கூனிக் குறுகிப்போன நோயாளி மறுமுறை ஸ்கேனுக்குப் போவதேயில்லை. தலைவலிக்குக் காரணம் என்ன, வயிற்றுக் கட்டி எத்தகையது, கருவிலுள்ள குழந்தை நலமா என்ற கேள்விகள் விடையின்றியே நின்றுவிடுகின்றன. நோயைக் காட்டிலும் வெட்கம் பெரிதாகி ஓர் உயிருக்கே ஆபத்தாகிவிடக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். இந்த அச்சத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதை அறிந்தால் வெட்கம் குறையும். என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கும்.

நிழலைப் படித்தவர்கள்

பழவேற்காட்டுச் சின்னப் பள்ளிவாசலில் ஒரு நிழற்கடிகாரம் உண்டு. கதிரவனின் நிழல் விழும் இடத்தைக் கொண்டு தொழுகை நேரத்தை அறியும் ஏற்பாடு அது. ஊடுகதிர்ப் படமும் அடிப்படையில் அத்தகையதே. கண்ணுக்குத் தெரியாத ஒளி உடலின் ஊடே செல்கையில் எலும்பு அதைத் தடுக்கிறது, தசை விட்டுவிடுகிறது. மறுபுறம் விழும் நிழலை மருத்துவர் படிக்கிறார்.

ஒளியைப் பற்றிய ஆய்வில் நம் முன்னோருக்குப் பெரும் பங்குண்டு. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலை எழுதினார். இருண்ட அறையின் சிறு துளைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றின் ஒளியும் சுவரில் தனித்தனியே விழுவதைக் காட்டினார். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்ற பழைய கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவினார். அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களிடம் சென்று சேர்ந்தது.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். டிசம்பர் 22ஆம் நாள் தம் மனைவி அன்னா பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளையும் அவற்றில் ஒன்றைச் சுற்றிநின்ற மோதிரத்தையும் கண்ட அவர், தம் மரணத்தையே பார்த்துவிட்டதாக நடுங்கினார் என்று சொல்லப்படுகிறது. மருத்துவப் படங்களின் வரலாற்றில் பெயர் தெரிந்த முதல் அச்சம் அதுவாகத்தான் இருக்கும். அஞ்சியவரோ அந்தக் கதிரைக் கண்டறிந்தவரின் வீட்டார்!

நம் நாட்டுக்கும் இக்கருவி விரைந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் தாமே எக்ஸ்-கதிர்க் கருவி அமைத்து மருத்துவ நண்பர்களுக்கு உதவினார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934இல் கேப்டன் பர்னார்டின் பெயரால் கதிரியல் நிறுவனம் எழுந்தது. இன்று வடக்கே பழவேற்காட்டிலிருந்து நோயாளிகள் தேடிச்செல்லும் சென்னைக்கு இத்துறையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மரபு இருக்கிறது.

அறிந்தவர்களும் அஞ்சினார்கள்

கருவியைக் கண்டு அஞ்சுவோரைப் படிப்பறிவற்றவர் என்று எண்ணுவது நம்மிடையே உள்ள வழக்கம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

தொடக்ககாலத்தில் எக்ஸ்-கதிரின் தீங்கை எவரும் அறியவில்லை. தாமஸ் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாரன்ஸ் டாலி, நாள்தோறும் தம் கைகளையே கதிரில் காட்டிச் சோதித்து, புண்ணும் புற்றும் கண்டு 1904இல் இறந்தார். எடிசன் அந்த ஆய்வையே கைவிட்டார். அன்றைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அந்த இழப்புகளிலிருந்து கற்றுக்கொண்டதால்தான் இன்று அளவு கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. நெஞ்சுக்கு ஒரு முறை எடுக்கும் எக்ஸ்-ரேயில் உடல் பெறும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் சில நாட்களில் நாம் இயல்பாகவே பெறும் அளவுதான். சி.டி. ஸ்கேனில் அது கூடுதல். ஆகவேதான் தேவையறிந்தே அதைப் பரிந்துரைப்பர்.

மூளைக்குள் பார்ப்பது நெடுங்காலம் கொடிய சோதனையாகவே இருந்தது. 1919இல் வால்டர் டாண்டி என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர், முதுகுத்தண்டின் நீரை எடுத்துக் காற்றைச் செலுத்திப் படமெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். கடும் தலைவலியும் வாந்தியும் இல்லாமல் அதிலிருந்து மீண்டவர் அரிது. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், லண்டனை அடுத்த விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தபோதுதான் அந்தத் துன்பம் முடிவுக்கு வரத் தொடங்கியது. அந்த முதற்கருவியில் நோயாளி நீர் நிரம்பிய பெட்டியொன்றின் ரப்பர்த் தொப்பிக்குள் தலையை நுழைத்து, ஒவ்வொரு படத்துக்கும் சில நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். இன்று சில நொடிகளில் முடிவதை அன்றையவர் எவ்வளவு பொறுமையோடு தாங்கினர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எம்.ஆர்.ஐ.யின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. நியூயார்க்கின் புரூக்ளினில் ரேமண்ட் டமாடியன் தம் மாணவர்களோடு பெரிய காந்தக் கருவியொன்றைக் கட்டினார். மனித உடலை அத்தனை வலிய காந்தத்துக்குள் வைத்தால் என்ன ஆகும் என்பது எவருக்கும் தெரியாது. முதலில் டமாடியனே உள்ளே அமர்ந்தார். அவர் பருமனானவர் என்பதால் சமிக்ஞை கிடைக்கவில்லை. மெலிந்தவரான மாணவர் லாரி மின்காஃப் அடுத்து அமர வேண்டும். அவரோ, ஆசிரியருக்கு ஏதேனும் தீங்கு நேர்கிறதா என்று வாரக்கணக்கில் பார்த்திருந்த பின்னரே ஒப்புக்கொண்டார். 1977ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், ஏறக்குறைய ஐந்து மணி நேரம் அவர் உள்ளிருக்க, நெஞ்சின் ஒரு குறுக்குப் படம் கிடைத்தது. மறு ஆண்டு இங்கிலாந்தின் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டும் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். 2003இல் பால் லாட்டர்பரோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்தார்.

கருவியின் பெயரிலும் அச்சத்தின் தடம் உண்டு. அறிவியலாளர் இட்ட பெயரில் 'நியூக்ளியர்' என்ற சொல் இருந்தது. அணுகுண்டை நினைவூட்டும் அச்சொல்லைக் கேட்டு நோயாளிகள் மிரளுவர் என்று கருதிய மருத்துவர்கள், 1980களில் அதை நீக்கி எம்.ஆர்.ஐ. என்று வழங்கலாயினர். உண்மையில் அக்கருவியில் எக்ஸ்-கதிர் போன்ற கதிர்வீச்சே இல்லை.

வயிற்று ஸ்கேனோ நம் கடலோடிகளுக்கு அந்நியமானதன்று. நீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு மீன் கூட்டத்தை அறியும் கருவி ஆழ்கடல் படகுகளில் உண்டு. உலோகத்தில் விரிசல் தேட அதே ஒலியைப் பயன்படுத்திய தொழிற்சாலைக் கருவியைக் கொண்டு, கிளாஸ்கோவின் இயன் டொனால்ட் மனித உடலைப் பார்த்தார். 1958இல் அதை வெளியிட்டார். கருவிலுள்ள சிசுவை நாம் காண்பதும் எதிரொலியால்தான்.

உடல் ஏன் தளர்கிறது?

மயக்கத்துக்குக் காரணம் ஒன்றல்ல. முதலாவது, அச்சம், வலி, ஊசி, இரத்தம் ஆகியவற்றைக் கண்டதும் சிலரது நரம்பு மண்டலம் காட்டும் எதிர்வினை. இதயத் துடிப்பு தாழ்கிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்தம் கால்களில் தேங்கி மூளைக்குப் போவது குறைகிறது. வியர்வை, குமட்டல், காதடைப்பு, கண்ணிருட்டு, பின் மயக்கம். இதற்கு இன்று வழங்கும் மருத்துவப் பெயரை நிலைபெறச் செய்தவர், 1932இல் இதைப் பற்றி எழுதிய ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் லூயிஸ். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலோர் சில நிமிடங்களில் தெளிவர். வெறும் வயிறும், நீர் அருந்தாமையும், நெடுநேரம் நின்றிருப்பதும் இதை எளிதாக வரவழைக்கும்.

இரண்டாவது, கர்ப்பிணிகளுக்கு உரியது. மாதங்கள் ஏறிய நிலையில் மல்லாந்து படுத்தால், கருப்பையின் எடை கீழுடலின் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் பெருநாளத்தை அழுத்துகிறது. அதனால் தலை சுற்றும். இடப்பக்கம் திரும்பிப் படுத்தவுடன் சரியாகிவிடும். சொன்னால் திருப்பிப் படுக்கவைப்பர்; சொல்லாமல் பல்லைக் கடித்துக் கிடப்பதில் நன்மையில்லை.

மூன்றாவது, காந்தத்தின் வேலை. எம்.ஆர்.ஐ.க்குள் தலை சுற்றுகிறது என்று சொன்னவர்களை "எல்லாம் பயம்" என்று நெடுநாள் ஒதுக்கினர். 2011இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் காரணத்தைக் காட்டினர். உட்செவியில் நம் சமநிலையை உணர்த்தும் நீர்மத்தில் மெல்லிய மின்னோட்டம் உண்டு; வலிய காந்தம் அதன்மீது விசை செலுத்த, உடல் அசையாதிருந்தும் சுழல்வதாக மூளை உணர்கிறது. நோயாளி சொன்னது மெய்யே!

நான்காவது, எதிர்பாராத உணர்வுகள். சி.டி. ஸ்கேனுக்கு முன் செலுத்தும் அயோடின் மருந்து உடலெங்கும் வெப்பம் பரவுவதுபோலவும், சிறுநீர் பிரிந்துவிட்டது போலவும் தோன்றச் செய்யும். வாயில் உலோகச் சுவை வரும். ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். முன்கூட்டி அறிந்தவர் பொறுத்துக்கொள்வார். அறியாதவர் உயிர் போகிறது என்றே எண்ணுவார். எம்.ஆர்.ஐ.யின் தடதடவென்ற ஓசையும் அப்படித்தான். கருவியினுள்ளிருக்கும் மின்சுருள்கள் காந்தப் புலத்தில் அதிர்வதால் எழும் ஓசை அது; கருவி பழுதாகிவிட்டதென்று பொருளல்ல.

பல்கீ சொன்ன மூடுபனி

இந்த நான்கோடும் மனத்தின் அச்சம் கலந்துகொள்கிறது. அதைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் அறிஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கு பகுதியில் பிறந்து, ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலை யாத்தார். உடலின் நலமும் உள்ளத்தின் நலமும் என்பது அதன் பொருள். உடல் நோயுற்றால் உள்ளம் வாடும், உள்ளம் நோயுற்றால் உடல் வாடும் என்று கூறும் அந்நூல், கோபம், துயரம், அச்சம், வஸ்வாஸ் எனப்படும் ஊசலாட்டம் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்கிறது. அச்சப்படுவோரை அவர் பழிக்கவில்லை. மருத்துவம் பார்க்கத்தக்க நிலையாகவே அதைக் கொண்டார்.

அவர் தரும் எடுத்துக்காட்டு ஒன்று ஏரிக்கரை மக்களுக்கு உடனே விளங்கும். வறண்ட பாலையில் வாழ்ந்த ஒருவன் குளிர்நாட்டுக்குப் போய் முதன்முறையாக மூடுபனியைக் காண்கிறான். ஊடுருவ முடியாத திண்மையான சுவர் என்று எண்ணி அஞ்சுகிறான். உள்ளே நுழைந்த பின்னரோ அது ஈரக்காற்றே என்று தெரிகிறது; அச்சம் அகல்கிறது. தை மாத விடியலில் பழவேற்காட்டு ஏரியை மூடும் பனியைக் கண்டு அங்குள்ள எவரும் அஞ்சுவதில்லை. அது என்ன என்பதை அறிந்திருக்கிறார்கள். அறியாமையால் வரும் அச்சம் அறிதலால் நீங்கும் என்பதும், அஞ்சுவதைச் சிறிது சிறிதாக அணுகிப் பழக வேண்டும் என்பதும் பல்கீயின் வழி. உடலுக்கு அவசர மருந்தை வீட்டில் வைத்திருப்பது போல, உள்ளத்துக்கும் நல்லெண்ணங்களைச் சேமித்து வைத்திருக்க வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார்.

அச்சம் ஈமானுக்கு எதிரானதா?

குர்ஆனை ஓதுவோர் இக்கேள்விக்கு விடையை அறிவர். கைத்தடி பாம்பாக நெளிந்தபோது மூஸா (அலை) திரும்பிப் பாராமல் ஓடினார்கள். சூனியக்காரர்களின் கயிறுகள் ஊர்வதுபோல் தோன்றியபோது அவர்களின் உள்ளத்தில் அச்சம் எழுந்ததை சூரா தாஹா சொல்கிறது. அல்லாஹ் அதற்காக அவர்களைக் கண்டிக்கவில்லை. அஞ்ச வேண்டாம் என்று ஆறுதலே அளித்தான். மர்யம் (அலை) பிரசவ வேதனையில் இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று கலங்கினார்கள். அவர்களுக்குக் காலடியில் நீரோடையும் கனிந்த பேரீச்சம்பழமும் காட்டப்பட்டன. கலங்கியவருக்கு முதலில் தேவை நீரும் உணவும் ஆறுதலும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

யூனுஸ் (அலை) அவர்களோ மீனின் வயிற்றில், இருளுக்குள் இருளில், இறைவனை அழைத்தார்கள். அந்தத் துஆவை நம் வீடுகளில் சிறுவரும் அறிவர். குறுகிய குழாய்க்குள் கண்மூடிக் கிடக்கும் நேரத்தில் அதை மனத்துக்குள் ஓதுவதைவிடப் பொருத்தமான திக்ர் வேறு உண்டா? உதடு அசையாமல் நெஞ்சில் ஓதலாம். படமும் கெடாது, உள்ளமும் தனித்திராது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். ஸ்கேன் அறையில் கட்ட வேண்டிய கயிறுகள் சிலவற்றைக் கூறி முடிக்கிறோம்.

முன்பு மயங்கியதுண்டு என்றால், மூடிய இடம் ஆகாதென்றால், கர்ப்பம் இருக்கலாம் என்றால், சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவரென்றால், அலர்ஜி உண்டென்றால், கருவியை இயக்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படுத்தபடியே ஊசி போடச் சொல்லலாம். எம்.ஆர்.ஐ.யில் கையில் ஒரு ரப்பர்ப் பந்து தருவர். அழுத்தினால் ஆள் வருவார். பக்கத்து அறையிலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பர் என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே போகும் முன்னரே கண்ணை மூடிக்கொள்வது பலருக்கு உதவுகிறது. உலோகம் ஏதுமில்லை என்று உறுதிசெய்த பின், உறவினர் ஒருவர் உடனிருக்கப் பல மையங்களில் விடுவர், கேட்டுப் பாருங்கள்.

ஊசியையும் இரத்தத்தையும் கண்டால் மயங்குவோருக்கு, சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் 1980களில் எளிய பயிற்சி ஒன்றை வகுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடிகள் இறுக்கிப் பின் தளர்த்த வேண்டும். சிலமுறை திரும்பச் செய்ய வேண்டும். தாழும் இரத்த அழுத்தம் இதனால் உயரும். காத்திருக்கும்போது செய்யலாம், படமெடுக்கும்போது அசையக் கூடாது.

எம்.ஆர்.ஐ.க்கு முன் ஹிஜாபின் ஊசி, கைலியில் செருகிய சாவி, வளையல், சரிகை இழை கலந்த துணி ஆகியவற்றை அகற்றுங்கள். தாயத்து அணிந்திருப்பவர் அதையும் கழற்றியே ஆக வேண்டும். அதன் கூட்டில் என்ன உலோகம் இருக்கிறதென்று கருவிக்கு முன் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. சில கண்மைகளில் உலோகத் துகள் உண்டு. சுர்மாவையும் கழுவிவிடுவது நல்லது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பதையோ, உடலுக்குள் உலோகத் தகடு வைத்திருப்பதையோ மறைக்கவே கூடாது.

பெண்கள் பெண் ஊழியரைக் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை. ஆண் மருத்துவர் பெண்ணைச் சோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருப்பதை, தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமை சாசனமும் ஏற்கிறது. ரமழானில் சோதனை அமைந்தால், நோயாளி வேறு நாட்களில் நோன்பை நிறைவுசெய்யலாம் என்று சூரத்துல் பகரா அளித்த சலுகை இருக்கிறது; மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவெடுங்கள். சோதனை முடிந்ததும் சட்டென எழாமல் சற்று அமர்ந்து, பேரீச்சம்பழமும் நீரும் உட்கொண்டு புறப்படுங்கள். அடிக்கடி மயங்குவோரும், நெஞ்சுவலியோடோ உடலுழைப்பின்போதோ மயங்குவோரும் இதைப் பயமென்று விட்டுவிடாமல் இதய மருத்துவரைக் காண வேண்டும்.

வெளியே காத்திருக்கும் நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. கலங்கி வெளியே வருபவரைக் கேலி செய்யாதிருப்போம். "இன்று முடியவில்லை, இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் மீண்டும் வருவோம், நானும் வருகிறேன்" என்று சொல்வதே அவருக்கு நாம் தரும் மருந்து. நோயாளியைச் சந்தித்து நலம் விசாரிப்பதை ஒரு முஸ்லிமின் உரிமையாக ஆக்கிய மார்க்கம் நம்முடையது. பொன்னேரிக்கும் சென்னைக்கும் பேருந்தேறும் அந்த விடியலிலேயே அந்த உரிமை தொடங்குகிறது.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல ரஹ்மான் ஷிஃபாவையும், அஞ்சும் உள்ளங்களுக்கு அமைதியையும் அருள்வானாக. ஆமீன்.